ஆக்கி உடும்புக்குச் சூடும் மண்ணும்

மெல்பர்னில் உரிமம் எடுத்து ஆக்கி (Ackie) என்ற வகை உடும்பு ஒன்று வளர்க்கிறேன். முள்வால் கொண்ட சின்ன இனம், வாலோடு இரண்டடி வரும். (இந்தியாவில் உடும்பு பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அங்கே யாரும் முயல வேண்டாம்.)

வந்த இரண்டாம் வாரமே இரை எடுப்பதை நிறுத்திவிட்டது. நாள் முழுக்க மரப்பட்டைக்கு அடியிலேயே கிடந்தது. எனக்குத் தூக்கம் போனது. மருத்துவர் நோய் இல்லை என்றார், இருப்பிடத்தைப் பார்க்கச் சொன்னார். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை, அடியில் இரண்டு அங்குல மணல். விளக்கின் கீழ் அகச்சிவப்பு வெப்பமானி காட்டியது 38 டிகிரி. பாலைப் பாறையில் வெயில் காயும் உயிருக்கு அந்த மேற்பரப்பு 55 முதல் 65 வரை வேண்டும். சூடும் ஈரமும் வலை வழியே போய்க்கொண்டிருந்தன.

நான்குக்கு இரண்டடியில், மூன்றடி உயரத்தில் ப்ளைவுட் பெட்டி செய்தேன். உள்ளே நீர் புகாத பூச்சு, இரண்டு ஹாலோஜன் விளக்கு, ஒரு புற ஊதா குழல்விளக்கு. விளக்கு இல்லாத மறுமுனை 26 டிகிரியில் நிற்கிறது.

மண்தான் பெரிய வேலை. வெறும் மணலில் வளை சரிந்துவிடும். தோட்டமண் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் ஓரடிக்கு அழுத்தி நிரப்பினேன். முந்நூறு கிலோ தாண்டும், பெட்டி தரையில்தான் இருக்க வேண்டும். விளக்கடியில் பலகைத் துண்டுகளை விரலளவு இடைவெளி விட்டு அடுக்கினேன். எந்தச் சூடு வேண்டுமோ அந்த இடுக்கை அதுவே தேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் நாள் வளை தோண்டியது. ஐந்தாம் நாள் நான் இடுக்கியால் நீட்டிய கரப்பானைப் பாய்ந்து பிடுங்கியது.