மெஷின் போட்டும் பகலில் தூங்கி வழிகிறவர்களுக்கு

போன மாதம் அலுவலக கேன்டீனில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உங்ககிட்டயும் சிபாப் மெஷின் இருக்காமே? நான் வாங்கி ஆறு வாரம் ஆச்சு. குறட்டை நின்னுடுச்சு. வீட்ல எல்லாரும் நிம்மதியா தூங்குறாங்க, நான்தான் பகல்ல தூங்கி விழறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கொட்டாவி. சிபாப் என்பது, தூங்கும்போது தொண்டை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே காற்றை அழுத்தி ஊதும் மெஷின். அவருடைய செல்போனை வாங்கி மெஷின் கணக்கைப் பார்த்தேன். முந்தைய இரவு மாஸ்க் போட்டிருந்தது 4 மணி 5 நிமிடம். அதற்கு முந்தைய இரவு 4 மணி 11 நிமிடம். ஏழு வருடத்துக்கு முன்னால் என் மெஷினும் இதையேதான் காட்டிக்கொண்டிருந்தது.

மெஷின் போடுகிறவர்கள் செய்கிற தவறுகள் என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்பத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியா வந்து, தினமும் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிற ஆள், அவ்வளவுதான். மாஸ்க்கைக் கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குள் போகவில்லை.

ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதுவது

சிலருக்கு முதல் இரவே தலை தெளிந்துவிடும். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் ஏமாந்து போகிறார்கள். ராத்திரி தூக்கத்தைக் கருவி மாட்டி அளக்கும் ஸ்லீப் ஸ்டடியில் எனக்கு மணிக்கு 42 தடவை மூச்சு தடைபட்டது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்பார்கள். பல வருடம் அப்படித் தூங்கின உடம்பு பத்து நாளில் நிமிர்ந்துவிடாது. போதாததற்கு ஆரம்பத்தில் மாஸ்க்கே தூக்கத்தைக் கெடுக்கும். புரண்டால் டியூப் இழுக்கும், ஓரத்தில் கசிகிற காற்று கண்ணில் அடிக்கும். தெளிவு வர வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகும். பத்தாம் நாளே மெஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மாஸ்க் பழக, சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பிள்ளைகள் யானை என்று கிண்டல் செய்யும். செய்யட்டும்.

"நாலு மணி நேரம் போதும் சார்"

இந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மெஷினை வீட்டில் கொண்டுவந்து மாட்டிக் காட்டிய ஆள், வாசலில் செருப்பு போட்டுக்கொண்டே சொன்னது. நானும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பதினொன்றுக்கு மாட்டுவேன். மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருப்பேன். திரும்பி வந்ததும், கணக்கு முடிந்துவிட்டதே என்று மாஸ்க்கைக் கொக்கியில் தொங்கவிட்டு, அப்பாடா என்று மல்லாந்து படுத்துவிடுவேன். காலையில் செல்போனில் பச்சைக் கலரில் ஒரு சிரிப்பு முகம். எட்டு மாதம் அந்த முகத்தை நம்பினேன்.

அந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? யார் ஒழுங்காக மெஷின் போடுகிறார்கள் என்று எண்ணுவதற்கு 1993-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, பத்து நாளில் ஏழு நாளாவது, இரவுக்கு நாலு மணி நேரமாவது என்று ஒரு கோடு போட்டது. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடும் மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்க அதே அளவைத்தான் கேட்கிறது. எண்ணுவதற்குப் போட்ட கோடு அது. கடல் தாண்டி நம் வீட்டு வாசலுக்கு வரும்போது மருந்தின் அளவாக மாறிவிட்டது.

இரவின் பின்பகுதியை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய நஷ்டம். கனவு வரும் தூக்கம் இருக்கிறதே, அது விடியல் நெருங்க நெருங்கத்தான் நீளும். அந்த நேரத்தில் உடம்பின் பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடும், தொண்டையும் சேர்ந்து தொங்கிப்போகும். பலருக்கு மூச்சு அதிகம் தடைபடுவதும், ஆக்சிஜன் ஆழமாக இறங்குவதும் அப்போதுதான். மழை வலுக்கும் நேரம் பார்த்துக் குடையை மடக்கி வைத்த கதைதான் என்னுடையது.

ஏ.எச்.ஐ. எண்ணும் ஏமாற்றும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்ற கணக்கு அது. எனக்கு 2 என்று காட்டியது, டாக்டரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் மாஸ்க் முகத்தில் இருக்கும் நேரத்தைத்தான் மெஷின் எண்ணும். கழற்றிய பிறகு நான் பட்ட பாடு அதற்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 4 மணி நேரம், மணிக்கு 2 வீதம் 8. மீதி 3 மணி நேரம், பழைய 42 வீதம் 126. கூட்டினால் 134. ஏழால் வகுத்தால் 19. 15-லிருந்து 30 வரை நடுத்தர நோய். ஐம்பதாயிரம் சொச்சம் கொட்டி, தீவிர நோயை நடுத்தர நோயாக்கி வைத்திருந்தேன்!

அந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். திருச்சியிலிருந்து மதுரைக்கு கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். விராலிமலை தாண்டி, நேர் ரோடு. "ஏங்க!" என்ற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். என் மனைவியின் கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடதுபக்கச் சக்கரங்கள் சரளையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அரை மணி நேரம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் பார்த்த வேறொரு டாக்டர் ஏ.எச்.ஐ. பக்கமே போகவில்லை. "எத்தனை மணிக்குக் கழற்றுறீங்க?" என்றுதான் கேட்டார். அவர் சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சின்ன விஷயம். பாத்ரூமுக்குப் போகும்போது மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், டியூபை மட்டும் கழற்றுங்கள். மூக்குக்குக் கீழே அந்த இணைப்பு பல மாஸ்க்குகளில் ஒரு அழுத்தில் கழன்றுவிடும். திரும்பி வந்ததும் 'டக்'கென்று மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான். மாஸ்க் முகத்திலேயே இருப்பதால், அதை மறுபடி மாட்டவேண்டுமே என்ற சோம்பல் வராது. போகப்போக அந்த மூன்று மணி எழுச்சியே குறைந்துவிட்டது. மூச்சு தடைபட்டு நெஞ்சில் ஏற்படும் அழுத்தத்தால் சிறுநீர் அதிகமாகச் சுரக்குமாம், அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

தூக்கத்தில் தெரியாமலே பிடுங்கி எறிகிறவர்கள் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். மெஷின் ஊதும் காற்றின் பிரஷர் சரியாக இல்லாமல் இருக்கலாம், மூக்கு அடைத்திருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் மாஸ்க் போடும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 2007-ல் வந்த இன்னொரு ஆய்வில், நோயாளிகளே சொன்ன தூக்கக் கலக்கம் 4 மணி நேரம் வரையிலும், கருவி வைத்து அளந்த தூக்கக் கலக்கம் 6 மணி நேரம் வரையிலும், அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு ஏழரை மணி நேரம் வரையிலும், மாஸ்க் போடும் நேரம் கூடக் கூட மேம்பட்டிருக்கிறது. வாசலில் நின்ற ஆள் முதல் எண்ணோடு நிறுத்திக்கொண்டார்.

மத்தியானக் குட்டித் தூக்கம்

மாஸ்க் இல்லாமல் வேண்டாம்.

காற்று கசிந்தால் வாரை இறுக்குவது

இறுக்கினால் இன்னும் கசியும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு காற்றில் லேசாக உப்பித்தான் முகத்தில் ஒட்டும். அதை நசுக்கினால் மூக்குத்தண்டில் தழும்புதான் மிஞ்சும். மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில் வாரைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்து சரிசெய்தால் படுத்ததும் மாறிவிடும். எண்ணெய் வழியும் முகத்தில் எந்த மாஸ்க்கும் நிற்காது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் படுங்கள். காலையில் நாக்கு பலகை மாதிரி காய்ந்திருந்தால் காற்று வாய் வழியே போகிறது என்று அர்த்தம், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழு மாஸ்க் தேவைப்படலாம். ஏசி அறையில் டியூபுக்குள் தண்ணீர் கோத்து களக் களக்கென்று சத்தம் வந்தால், டியூபைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப் மாத்திரை

இதில் நான் பட்டது கேவலம். மூக்கு அடைக்கிறதே என்று இரண்டு மாதம் தினமும் ராத்திரி சிட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை போட்டேன். பகலில் கண் சொக்குகிறது என்று மெஷினைத் திட்டினேன். அந்த மாத்திரை அட்டையிலேயே தூக்கம் வரும் என்று எழுதியிருக்கிறது! உப்புநீர் ஸ்ப்ரேயும், மெஷினில் ஈரப்பதத்தை ஒரு படி கூட்டியதும் எனக்குப் போதுமானதாக இருந்தன.

வண்டி

கண் சொக்கினால் ஓட்டாதீர்கள். மேலே சொன்னது போதும்.

எல்லாப் பழியையும் மெஷின் மேல் போடுவது

ஏழு மணி நேரம் போடுகிறீர்கள், கசிவு இல்லை, ஏ.எச்.ஐ. 5-க்குள், மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் அசதி என்றால் மெஷினை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை, சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு என்று பட்டியல் நீளமானது. ஒரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுகிறவருக்கு எந்த மெஷினும் தூக்கம் செய்து தராது.

எப்வொர்த் அளவுகோல் என்று எட்டுக் கேள்விகள் உண்டு. உட்கார்ந்து படிக்கும்போது, காரில் பயணியாகப் போகும்போது, சாப்பிட்ட பிறகு என்று ஒவ்வொரு நேரத்திலும் எவ்வளவு தூக்கம் வரும் என்று மார்க் போடவேண்டும். மொத்தம் 24, பத்துக்கு மேல் போனால் கவனிக்கவேண்டும். மாதம் ஒருமுறை போடுங்கள். வீட்டுக்காரரையோ மனைவியையோ தனியாக உங்களுக்கு மார்க் போடச் சொல்லுங்கள். என் மனைவி போட்டது எப்போதும் நான் போட்டதைவிட நாலைந்து கூடத்தான் இருக்கும்.

அந்தத் தம்பி நேற்று மறுபடி கேன்டீனில் செல்போனை நீட்டினார். 6 மணி 20 நிமிடம். எப்வொர்த் 17-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறது. கொட்டாவி மட்டும் நிற்கவில்லை. தைராய்டு பார்த்ததுண்டா என்று கேட்டேன், இல்லையாம். சனிக்கிழமை காலை லேபுக்குப் போகிறார்.