பஃபே மிச்சம் தென்னைக்குப் போகும் வழி

ரிசார்ட்டில் உரம் தயாரிப்பது தோட்டத்து வேலை என்று நினைத்துத்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். முதலாளி தோட்டக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே கிச்சன் குப்பை பூரா உங்க பக்கம் வந்துருமுங்க, உரமாக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் ஒரு கறுப்புப் பையில் இட்லி, சாம்பார், கோழி எலும்பு, தயிர் டப்பா, டிஷ்யூ பேப்பர் எல்லாம் ஒன்றாய்க் குழைந்து வந்து நிற்கும். அதை எந்தச் சாமி வந்தாலும் உரமாக்க முடியாது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு ரிசார்ட்டின் பண்ணையை நான் பார்த்துக்கொள்கிறேன். 40 அறை. வார நாட்களில் சமையலறையிலிருந்து சுமார் 60 கிலோ வரும். பள்ளி விடுமுறையிலும் கல்யாண நாட்களிலும் அது இரட்டிப்பாகும். நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லிவிட்டார்கள். ஓட்டல்காரர்கள் மக்கும் குப்பையைக் கூடியவரை தங்கள் வளாகத்திலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிட்டது. ஆகவே இது விருப்பப்பட்டுச் செய்கிற வேலை மட்டும் இல்லை.

பிரிப்பது பாத்திரம் கழுவும் இடத்தில்

தோட்டத்தில் உட்கார்ந்து குப்பை பிரிக்க ஆள் போட்டால் அந்த ஆள் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார். தட்டு வந்து விழும் இடத்திலேயே பிரிந்தாக வேண்டும். எங்களிடம் நான்கு டிரம். பச்சையில் காய்கறித் தோல், பழத்தோல், கீரைத்தண்டு, காபி, டீ சக்கை, முட்டை ஓடு, வாழை இலை. மஞ்சளில் சமைத்த சைவ மிச்சம். சிவப்பில் எலும்பு, கறி, மீன். கறுப்பில் உரமாகாத எல்லாம். பாத்திரம் கழுவும் பையன்களில் பாதிப்பேர் அஸ்ஸாம், ஒடிசாக்காரர்கள். தமிழில் எழுதி ஒட்டியும் பயனில்லை, ஆங்கிலத்தில் ஒட்டியும் பயனில்லை. ஒவ்வொரு டிரம் மேலும் அதில் போட வேண்டிய பொருளின் போட்டோவை எடுத்து ஒட்டிவிட்டால் பேச்சே வேண்டாம்.

அந்தப் பையன்களைக் கையில் போட்டுக்கொள்ள ஒரு வழி உண்டு. குப்பையோடு ஸ்பூன் வரும், நிறைய வரும். கணக்கில் குறைகிற ஸ்பூனுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வந்த ஸ்பூன்களைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு வாரா வாரம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் அவர்களே, "அண்ணா, பாக்கு மட்டைத் தட்டு எதுல போடறது?" என்று கேட்டு வருவார்கள். (பாக்கு மட்டைத் தட்டு மக்கும், நாலாய்க் கிழித்து ஊறவைத்துப் போடவேண்டும்.)

கண்ணில் படாமல் உள்ளே வந்துவிடுகிற சில சாமான்கள்: மல்லித்தழைக் கட்டில் போடும் ரப்பர் பேண்ட், ஆப்பிள் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், டீ பேக். சில டீ பேக்கில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. மூன்று மாதம் கழித்து உரம் சலிக்கும்போது உள்ளே தூள் இல்லாத வெறும் பையாக அப்படியே கிடக்கும். ரப்பர் பேண்டை மார்க்கெட்டிலிருந்து கட்டு வந்தவுடனே, நறுக்கும் மேஜையில் கழற்றுவதுதான் ஒரே வழி.

சாம்பார், ரசம், குருமா எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பி வடிகட்டியில் கொட்டி, சக்கையை மட்டும் மஞ்சள் டிரம்மில் போடச் சொல்லுங்கள். குழம்புத் தண்ணீரில்தான் உப்பும் எண்ணெயும் இருக்கின்றன; இரண்டும் குவியலுக்கு ஆகாது. பொரித்த எண்ணெய் ஒரு சொட்டு கூட வரக்கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய ரூகோ திட்டத்தில் பழைய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கிப்போக ஆட்கள் இருக்கிறார்கள், காசும் கிடைக்கும்.

மிச்ச சோற்றை மாட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். ஒரு கை, இரண்டு கை சரி. கல்யாண மண்டபத்து மிச்சத்தை அண்டாவோடு கட்டுத்தரைக்குக் கொண்டுபோனால் மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி, உப்பி, உயிரே போய்விடும். சோறு குவியலுக்கே வரட்டும்.

சிவப்பு டிரம் குவியலுக்கு வராது. தனிக்குழி, கிணற்றுக்குத் தூரத்தில். ஒவ்வொரு நாளும் போட்டு மண் மூடி, நிரம்பியதும் மூன்று அடி மண் மேலே. குவியலில் எலும்பு போட்டால் வெந்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பக்கத்து நாயையும் காட்டுப்பன்றியையும் தெரியாது.

காய்ந்த சரக்கு கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்

சமையல் கழிவில் நைட்ரஜன் அதிகம், ஈரமும் அதிகம். அதற்கு ஈடு கொடுக்கக் கார்பன் வேண்டும், அதாவது காய்ந்த சரக்கு. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்பது புத்தகக் கணக்கு. வாளிக் கணக்கில் சொன்னால் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி காய்ந்தது. எங்களிடம் மூன்று வகை உண்டு: தோட்டத்துச் சருகு, மெஷினில் அரைத்த தென்னை ஓலை, மஞ்சி மில்லிலிருந்து, அதாவது தேங்காய் நார் பிரிக்கும் மில்லிலிருந்து, வாங்கும் நார்க்கழிவு.

நார்க்கழிவு தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். குழைந்த சோற்றுக்கு அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது. ஆனால் அதை மட்டுமே போட்டால் காற்றுப் புகாமல் இறுகிவிடும். அதில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் நூறு பங்குக்கு மேல் இருப்பதால் மக்குவதும் மெதுவாகத்தான். எனவே பாதி சருகு, பாதி நார்க்கழிவு என்று கலந்து வையுங்கள். முழு ஓலையை அப்படியே போடுவது வீண். அடுத்த வருஷமும் ஓலையாகவே இருக்கும். எல்லாவற்றையும் பங்குனி, சித்திரையிலேயே கூரைக்குள் சேர்த்துவிட வேண்டும். வைகாசி கடைசியில் மழை பிடித்தால் நனையாத சருகு எங்கேயும் கிடைக்காது. மழை மாதத்தில் நாறும் எந்தக் குவியலையும் பாருங்கள், அங்கே காய்ந்த சரக்கு தீர்ந்திருக்கும்.

இடமும் தொட்டியும்

எங்கள் ஊரில் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும், ஆடியில் கேட்கவே வேண்டாம். அதனால் உரத்தொட்டி அறைகளுக்குக் கிழக்கே இருக்கிறது. உங்கள் ஊர்க் காற்று எப்படி அடிக்கிறதோ அதற்குத் தக்கபடி வையுங்கள். மேட்டு நிலம், மேலே தகரக் கூரை, சுற்றி அடிப்பக்கம் பூமிக்குள் புதைத்த கம்பி வேலி. காட்டோர ரிசார்ட் என்றால் வேலியில் சிக்கனம் பார்க்காதீர்கள். பன்றி ஒருமுறை ருசி கண்டுவிட்டால் தினமும் வரும். பன்றி வருகிற இடத்துக்குச் சிறுத்தையும் வரும்.

தொட்டி நான்கடிக்கு நான்கடி, உயரமும் நான்கடி. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டியது, முன்பக்கம் பலகை கழற்றுவது. இந்த அளவு இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். எங்கள் வரத்துக்கு வாரம் ஒரு தொட்டி நிறைகிறது. நிறைந்தது பாதியாய் அமுங்கிவிடும் என்பதால் இரண்டை ஒன்றாக்கிக்கொள்ளலாம். எட்டுத் தொட்டி இருந்தால் விடுமுறைக் கூட்டத்தையும் சமாளித்துவிடலாம்.

அடியில் ஓரடி உயரத்துக்குத் தேங்காய் மட்டை, பாளை, பன்னாடை போன்ற முரட்டுச் சரக்கு. அதன் வழியாகத்தான் காற்று ஏறும். அதன்மேல் நான்கு விரல் காய்ந்த கலவை, இரண்டு விரல் கழிவு, ஒரு கை பழைய உரம் அல்லது சாணிக் கரைசல், மறுபடி காய்ந்த கலவை. அன்றைய வேலை முடியும்போது மேலே ஒரு பருக்கை சோறு கூடத் தெரியக்கூடாது. ஈ, எலி, நாற்றம் மூன்றுக்கும் இந்த ஒரு பழக்கம் போதும்.

கையும் மூக்கும்

நிறைந்த தொட்டியின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாமல் கை சுட்டால் சரி. தெர்மாமீட்டர் இருந்தால் 55 முதல் 65 டிகிரி காட்டவேண்டும். 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் களை விதையும் கெட்ட கிருமியும் சாகும். சூடு இறங்க ஆரம்பித்ததும் புரட்டுங்கள். ஓரத்தில் இருந்தது நடுவுக்குப் போகவேண்டும், இல்லாவிட்டால் ஓரத்துச் சரக்கு கடைசி வரை வேகாது. புரட்டியதும் மறுபடி சூடேறும். அப்புறம் வாரம் ஒருமுறை. கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள். கதகதப்பான இடத்தில் பாம்பு படுத்திருக்கும்.

ஈரத்துக்குப் புட்டுமாவுப் பதம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்கவேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. மூத்திர நெடி மாதிரி மூக்கில் ஏறினால் நைட்ரஜன் அதிகம், காய்ந்ததைக் கலக்கவேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றில்லை. பிரித்துப் போட்டு, முரட்டுச் சரக்கு சேர்த்து அடுக்குங்கள். வாடையும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். புரட்டும்போது உள்ளே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாக இருந்தால் பயப்படாதீர்கள். ஆக்டினோமைசீட்ஸ் என்னும் நுண்ணுயிர் வேலை செய்கிற அடையாளம் அது.

அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரைச் சத்து டானிக் என்று செடிக்கு ஊற்றாதீர்கள். வேகாத கழிவின் சாறு அது. காய்ந்த குவியல் மேலேயே திருப்பி ஊற்றிவிடலாம்.

தென்னந்தோப்பில் ஒரு தனிக் கவலை

காண்டாமிருக வண்டு முட்டை வைப்பது எருக்குழியில். தோப்புக்குள் உரத்தொட்டி வைத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டால் நாமே வண்டு வளர்த்து மரத்துக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். வண்டு குருத்தைத் துளைத்துத் தின்னும். ஓலை விரியும்போது முக்கோண முக்கோணமாய் வெட்டுத் தெரியும். சூடான தொட்டியில் புழு தங்காது. ஆபத்து, ஆறப் போட்டிருக்கும் உரத்தில். கட்டைவிரல் தடிமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் அதுதான். ஆறுகிற குவியலைப் புரட்டும் அன்று நாட்டுக்கோழிகளைத் திறந்துவிடுங்கள், மண்வெட்டி படும் முன்பே கொத்திவிடும். அதோடு மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தையும் தெளிக்கலாம். எருக்குழிக்கு அதைத்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. சூடு முழுதும் ஆறியபின் தெளிக்கவேண்டும், சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும்.

தட்டையாய், சாம்பல் கலந்த பழுப்பில், வரிவரியாய்க் கூட்டம் கூட்டமாக நெளிகிற புழு வேறு. கருப்பு சிப்பாய் ஈயின் புழு அது. சோற்றை வேகமாகத் தின்று தீர்க்கும். விட்டுவிடுங்கள்.

மெஷின் வாங்கலாமா

24 மணி நேரத்தில் உரம் என்று விற்கிற மெஷின்களைப் பற்றி எல்லா மேனேஜரும் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை வெளியே வருவது காய்ந்து பொடியான சாப்பாடுதான். தண்ணீர் பட்டால் மறுபடி சூடேறி வாடை அடிக்கும், செடி வேரில் போட்டால் கருகும். இடமே இல்லாத நகரத்து ஓட்டலுக்கு, கழிவின் எடையைக் குறைக்க, அது உதவலாம். தோட்டம் இருக்கிறவர்கள் அந்தக் காசில் நல்ல ஓலை அரைக்கும் மெஷின் ஒன்றும் தகரக் கூரையும் போடுங்கள்.

எடுப்பதும் போடுவதும்

ஒன்றரை மாதத்தில் சூடு நின்றுவிடும். அப்புறம் ஒரு மாதம் நிழலில் ஆறவேண்டும். மண்புழு விடுவதானால் இந்தக் கட்டத்தில்தான்; 35 டிகிரிக்கு மேல் புழு தாங்காது. ஆறியதா என்று பார்க்க ஒரு பிடி ஈர உரத்தைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்து முகர்ந்து பாருங்கள். மண்வாசனை வந்தால் ஆயிற்று, புளித்த வாடை வந்தால் இன்னும் இல்லை. இன்னொன்று, ஒரு பூந்தொட்டியில் பாதி மண், பாதி உரம் போட்டுச் சிறுகீரை விதையுங்கள். முளைத்து நுனி கருகினால் உப்பு அதிகம். சமைத்த மிச்சம் நிறையச் சேருகிற இடத்தில் வருஷம் ஒருமுறையாவது பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் பார்ப்பது நல்லது; அது மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்குள் இருக்கவேண்டும் என்பது அரசின் உரத் தரம்.

சலித்த உரம் முதலில் செஃப்பின் புதினா, கீரைப் பாத்திக்கும் கறிவேப்பிலைக்கும் போகும். சலிக்கும்போது மேலே நிற்கிற கப்பியை அடுத்த தொட்டியில் போடுங்கள், அதில் நுண்ணுயிர் நிறைய. மீதி உரம் தென்னைக்கு. காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ. தூரிலிருந்து ஆறடி வட்டத்துக்குப் பாத்தி எடுத்துப் பரப்பி, மண்ணோடு கொத்திவிட்டு, மேலே ஓலை மூடாக்கு. தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. உடனே போட முடியாவிட்டால் சாக்கில் கட்டி வைக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் உறை இல்லாத கோணிச் சாக்காக இருக்கட்டும், கூரைக்குள் பலகை மேல்.