டிராக்கன்ஸ்பர்க்கில் ட்ரோன்: மலைக்காற்றில் ஏற்றிப் பத்திரமாக இறக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் கடற்கரையில் ட்ரோன் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர்தான். நீண்ட வார இறுதி வந்தால் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் பிரியாணி அண்டாவோடு மலைக்குக் கிளம்பும்போது, பையில் ஒரு ட்ரோனும் ஏறிக்கொள்கிறது. கிளப்புவது, இறக்குவது, செயலியைப் புதுப்பிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். மலைக்கென்று மாற வேண்டியதை மட்டும் சொல்கிறேன். என்னிடம் இருப்பது டிஜேஐ மினி 4 ப்ரோ. வேறு மாடல் என்றால் எண்களை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடம்

ராயல் நட்டால், ஜயன்ட்ஸ் காசில், கதீட்ரல் பீக் எல்லாம் உக்கஹ்லாம்பா டிராக்கன்ஸ்பர்க் பூங்காவுக்குள் வருகின்றன. 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் கூடாது. பூங்காவுக்கு வெளியே, வின்டர்டன், பெர்க்வில் பக்கத்துப் பண்ணை விடுதிகளில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். அங்கிருந்தே மலைச்சுவர் முழுதாகத் தெரியும். ஆட்களிடமிருந்து 50 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ட்ரோன் எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்ற நாட்டு விதிகள் மலைக்கும் பொருந்தும்.

படி 2: நேரம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கோடை. காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், பிற்பகலில் இடி மின்னல். ஆகவே கோடையில் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். தூரத்தில் முதல் இடி கேட்டால் இறக்கிவிட வேண்டும், “இன்னும் ஒரே ஒரு ஷாட்” எல்லாம் கிடையாது. குளிர்காலத்தில் வானம் தெளிவு, ஆனால் மேற்குக் காற்று பலமாக அடிக்கும். ஆகஸ்டில் கேட்கவே வேண்டாம்.

வானிலைக்கு நான் பார்ப்பது விண்டி செயலி. அதில் சராசரி வேகத்தை விட்டுவிட்டு ‘கஸ்ட்’ என்ற திடீர் வீச்சைப் பாருங்கள். மினி 4 ப்ரோ தாங்கக்கூடிய காற்று விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர். திடீர் வீச்சு மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் பையைத் திறப்பதே இல்லை.

படி 3: பேட்டரி

குளிரில் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று விழும். சட்டைக்குள் வைத்துச் சூடாக எடுத்துப் போங்கள். கிளப்பியதும் ஒரு நிமிடம் தலை உயரத்தில் நிறுத்திவைத்து, அப்புறம் மேலே ஏற்றுங்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிதாகும்: 1,500 மீட்டரில் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு, 3,000 மீட்டரில் கால் பங்கு குறைவு. விசிறி அதிக வேகமாகச் சுற்ற வேண்டியிருப்பதால் பறக்கும் நேரம் குறையும். மலையில் 50 சதவீதம் வந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

படி 4: ரிட்டர்ன் டு ஹோம் உயரம்

சிக்னல் போனால் ட்ரோன் தானாகவே கிளப்பிய இடத்துக்குத் திரும்புவதுதான் ரிட்டர்ன் டு ஹோம்; அப்போது அது பறக்கும் உயரத்தை நாம் முன்கூட்டியே வைக்கிறோம். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

செயலி காட்டும் உயரம், நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. ட்ரோனுக்குக் கீழே தரை எங்கே இருக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ரிட்டர்ன் டு ஹோம் உயரமும் அப்படியே.

ஒரு உதாரணம். விடுதிப் புல்வெளி 1,300 மீட்டரில் இருக்கிறது. எதிரே 1,370 மீட்டரில் ஒரு முகடு. ரிட்டர்ன் உயரம் 50 என்று வைத்திருக்கிறீர்கள். முகட்டின் ஓரமாகச் சுற்றி ட்ரோன் மறுபக்கம் போனதும் பாறை சிக்னலை மறைக்கிறது. ட்ரோன் தானாகத் திரும்ப முடிவெடுக்கிறது. 1,350 மீட்டர் வரை ஏறி நேராக வீட்டைப் பார்த்து வருகிறது. முகட்டின் உச்சிக்கு 20 மீட்டர் கீழே, பாறையை நோக்கி. தடையுணரும் சென்சார் காப்பாற்றலாம், ஆனால் மூடுபனியிலும் மங்கிய வெளிச்சத்திலும் அதை நம்ப முடியாது. வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடில் அது வேலையே செய்யாது.

“அப்படியானால் உயரத்தை அதிகமாக வைத்துவிட்டால் போச்சு” என்பார்கள். மேலே போகப் போகக் காற்று பலமாகும், ஏறுவதற்கே பேட்டரி கரையும், சட்டப்படியான உயர வரம்பும் இடிக்கும். நான் செய்வது வேறு: சுற்றுவட்டாரத்தில் மேடான இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து கிளப்புகிறேன். எனக்கும் ட்ரோனுக்கும் இடையே என்னைவிட உயரமாக எதுவும் இருக்காது. முகட்டுக்குப் பின்னால் போவதே இல்லை. ஹோம் பாயின்ட், அதாவது ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம், பதிவானதாகச் செயலி சொன்ன பிறகே ஏற்றுங்கள். குறுகலான பள்ளத்தாக்கில் வானம் கொஞ்சமாகத் தெரிவதால், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் குறைவாகவே சிக்கும், இதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

படி 5: காற்றைப் படிப்பது

முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ட்ரோனின் சாதாரண வேகம் விநாடிக்கு 12 மீட்டர், எதிர்க்காற்று 8 மீட்டர் என்றால் மிச்சம் 4 மீட்டர்தான். 400 மீட்டர் திரும்ப 100 விநாடி ஆகும், பேட்டரி முழு மூச்சில் செலவாகும். அப்படி மாட்டினால் தாழ்வாக இறங்கி வாருங்கள், தரையருகே காற்று குறைவு.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணப் பக்கம் மலைச்சுவருக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அது மலையைத் தாண்டி நம் பக்கம் கீழே விழுந்து சுழலும். புல்வெளியில் இலைகூட அசையாது, சுவரருகே போன ட்ரோன் மட்டும் தள்ளாடும். ட்ரோன் மேலேறும் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 5 மீட்டர். இறங்கும் காற்று அதைவிட வேகமாக இருந்தால், ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும் ட்ரோன் கீழேதான் போகும். மேலே ஏற்றப் போராடாமல் பக்கவாட்டில் பள்ளத்தாக்கின் நடுவுக்கு நகர்த்துங்கள்.

மேகத்துக்குள் விடவே கூடாது. உறைநிலைக் குளிரில் ஈரம் விசிறியில் பனியாகப் படியும், அப்புறம் தூக்குவிசை போய்விடும். பாறைச்சுவர்களில் தாடிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. இந்தப் பகுதியில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை அது. கண்ணில் பட்டால் உடனே விலகி இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒரு தம்பி கேட்டார்: “அண்ணா, மேட்டிலிருந்து கிளப்பினேன், செயலி மைனஸ் 40 காட்டுது. பழுதா?” பழுது இல்லை, கிளப்பிய இடத்தைவிட 40 மீட்டர் கீழே பறக்கிறது, அவ்வளவுதான். ஆனால் திரும்பும்போது அந்த 40 மீட்டரையும் ஏற வேண்டும், பேட்டரியில் அதற்கும் பங்கு ஒதுக்குங்கள். இதையே தலைகீழாகவும் யோசியுங்கள்: மேட்டிலிருந்து நேராகப் பள்ளத்துக்கு மேலே போனால் செயலி 30 மீட்டர் காட்டும், தரையோ ட்ரோனுக்கு 200 மீட்டர் கீழே இருக்கும். உயர விதி தரையிலிருந்துதான் கணக்கு.

இன்னொருவருக்குத் திசைகாட்டி எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. பிக்கப் வண்டியின் பானெட்டில் வைத்துக் கிளப்பியிருக்கிறார். இரும்பிலிருந்து தள்ளி, புல்லில் வைத்துப் பாருங்கள். மேல்மலையின் பசால்ட் பாறையும் இந்த வேலையைச் செய்யும், அங்கேயும் சில அடி நகர்ந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.