கம்பம் மெட்டில் டவர் போனாலும் வழி காட்டும்: காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ நாமே மாட்டுவது எப்படி?

கம்பத்திலிருந்து கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தின் வண்டன்மேடு, கட்டப்பனை பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், மலைச்சாலையின் சில வளைவுகளில் போனில் டவர் ஒரு கோடுகூட நிற்காது. ஏலத்தோட்டங்களுக்குள் இறங்கும் கிளைச்சாலைகளில் கேட்கவே வேண்டாம், மேப் வெறும் வெள்ளைத்தாள்தான். என் பழைய ஸ்விஃப்டில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, அதாவது மேப்பும் ஜிபிஎஸ்ஸும் உள்ள தொடுதிரை செட், மாட்டியதே இதற்காகத்தான். பாட்டெல்லாம் அப்புறம்.

முதலில் ஒரு கடையில் கொடுத்துத்தான் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த வாரமே வண்டன்மேட்டில் ஒரு இரவு தங்கவேண்டி வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் எட்டிப்பார்த்து, "எந்தா சேட்டா, ஸ்டார்ட் ஆகுன்னில்லே?" என்றார். நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். வயர்களை மொத்தமாகச் சொருகும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்திருந்தார்கள். மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்திருந்தார்கள். சாவியை எடுத்த பிறகும் செட் ராத்திரி முழுக்க விழித்தே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி நானே மறுபடி மாட்டினேன். அந்த வேலைதான் கீழே.

வாங்கும்போது

டேஷ்போர்டில் உள்ள ஓட்டையை முதலில் அளந்துகொள்ளுங்கள். 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம் என்றால் சிங்கிள் டின் (டின் என்பது கார் ஸ்டீரியோ அளவுக்கான பெயர்). உயரம் 100 என்றால் டபுள் டின், அதில் 7 இன்ச் செட் நேராக உட்காரும். 9 இன்ச், 10 இன்ச் செட்டுக்கு உங்கள் கார் மாடலுக்கென்றே வார்த்த ஃப்ரேம் வேண்டும். கூடவே உங்கள் மாடலுக்கான கப்ளர் வயரிங்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அது இருந்தால் கம்பெனி வயரில் ஒரு நூல்கூட வெட்டத் தேவையில்லை, நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய செட்டை அப்படியே திருப்பி மாட்டிவிடலாம்.

அட்டைப்பெட்டியில் '4 x 50 வாட்' என்று போட்டிருப்பதை நம்பி கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத பெரும்பாலான செட்டில் ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமாகக் கிடைப்பது 15 முதல் 20 வாட்தான். அந்தக் காசை ரேம் கூடுதலாக உள்ள செட்டில் போடுங்கள். 2 ஜிபிக்குக் கீழே என்றால் மேப் திக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: 10-ஆம் நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், டேஷ்போர்டு கிளிப்பை நெம்ப பிளாஸ்டிக் நெம்பி, மல்டிமீட்டர், துணி ஒட்டிய இன்சுலேஷன் டேப், கேபிள் டை. மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம். விலை குறைந்ததே போதும்.

பேட்டரி மைனஸ்

எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் எப்போதும் சொல்வார்: "மைனஸக் கழட்டாம உள்ள கைய வைக்காத தம்பி." சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, தானாகத் திரும்பிப் போய் ஒட்டாதபடி ஒரு துணியில் சுற்றி வையுங்கள். சில கார்களின் கம்பெனி ஸ்டீரியோ கரண்ட் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மைனஸ் கழற்றிய பிறகு சில நிமிடம் காத்திருங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் லைன். அதன் பக்கமே போகாதீர்கள்.

ஃப்ரேமை எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஓரத்தில் நெம்பியை விட்டு மெதுவாக இழுத்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். மலைக்குளிரில் பிளாஸ்டிக் சட்டென்று உடையும், அதனால் வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். உள்ளே நாலு ஸ்குரூ. கழற்றி, செட்டை முன்னே இழுத்து, பின்னால் உள்ள கப்ளர்களையும் ரேடியோ ஆன்டெனா முனையையும் எடுக்குமுன் போனில் ஒரு போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

வயர்கள்

கப்ளர் வயரிங் வாங்கியிருந்தால் இந்த வேலை 'டக்' என்று சொருகுவதோடு முடியும். இருந்தாலும் எந்த நிறம் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் பேட்டரி லைன். செட்டின் நினைவு இதில்தான் இருக்கிறது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் லைன். செட் விழிப்பதும் தூங்குவதும் இதைப் பார்த்துத்தான். இந்த இரண்டையும் சேர்த்ததுதான் எனக்கு நடந்த கூத்து. கறுப்பு, பாடி எர்த், அதாவது காரின் இரும்பு உடலோடு சேரும் மைனஸ். ஆரஞ்சு, பார்க்கிங் லைட் போட்டால் கரண்ட் வரும் லைன். இதைப் பலர் கொடுக்காமலே விட்டுவிடுவார்கள். கொடுத்தால் லைட் போட்டதும் திரையின் வெளிச்சம் தானாகக் குறையும். ராத்திரி குமுளி மலை இறங்கும்போது 9 இன்ச் திரை முகத்தில் டார்ச் அடித்தால் அதன் அருமை தெரியும்.

ஸ்பீக்கர் வயர்கள் ஜோடியாக வரும்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது அந்தந்த ஜோடியின் மைனஸ். இந்த மைனஸை எக்காரணம் கொண்டும் பாடியில் தொடவிடாதீர்கள், செட்டுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில்லு போய்விடும். நீல வயர் கூரை ஆன்டெனாவுக்கு. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் உள்ள ஆன்டெனாவுக்கு இந்த 12 வோல்ட் போகவில்லை என்றால், கொடைக்கானல் எஃப்.எம். 100.5 கூட இரைச்சலோடுதான் கேட்கும்.

நிறம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றாக இருக்காது. செட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். அப்புறம் மைனஸைத் தற்காலிகமாக மாட்டி, கார் பக்கத்துக் கப்ளரை மீட்டரால் சோதியுங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் சொன்னால் மஞ்சளுக்கு. சாவி திருப்பினால் மட்டும் வந்து, எடுத்தால் போனால் சிவப்புக்கு. குறித்துக்கொண்டு மறுபடி மைனஸைக் கழற்றுங்கள். மஞ்சள் வயரில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும், அதை எடுத்துவிட்டு நேராக இணைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தால்தான் வீடியோ ஓடவிடும் வயர் ஒன்று செட்டில் உண்டு. அந்த ஹேண்ட்பிரேக் வயரை பாடியில் கொடுத்துவிட்டால் ஓடும்போதும் வீடியோ பார்க்கலாம் என்று கடையில் சொல்வார்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே தோட்டத்து ஜீப் வரும்போது சினிமா தேவையா? அதை ஹேண்ட்பிரேக் சுவிட்சுக்கே கொடுங்கள்.

ஜிபிஎஸ் ஆன்டெனா

நான் இவ்வளவு எழுதியதே இதற்காகத்தான். செட்டுடன் தீப்பெட்டி அளவில் காந்தம் ஒட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அவசரத்தில் அதைச் செட்டின் பின்னாலேயே சுருட்டிப் போட்டு மூடிவிடுவார்கள். என் செட்டிலும் அப்படித்தான் இருந்தது. அம்புக்குறி சாலையை விட்டு ஏலக்காட்டுக்குள் ஓடும்.

ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மும் வேண்டாம், டவரும் வேண்டாம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் அந்த சிக்னல் மிக மெல்லியது. கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் கடக்கும், இரும்பைக் கடக்காது. மலைச்சாலையில் ஒரு பக்கம் பாறையும் மரமும் பாதி வானத்தை மறைத்துவிடும். மிச்சம் இருக்கும் பாதியையும் நாமே டேஷ்போர்டு இரும்புக்கு அடியில் மறைத்தால் எப்படி?

முன் கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டின் மேல் ஓரத்தில், காந்தப் பக்கம் கீழே, வழவழப்பான பக்கம் வானத்தைப் பார்க்க ஒட்டுங்கள். கம்பம் வெயிலில் சாதாரண பசை இளகிவிடும், நல்ல இரட்டைப் பக்க டேப் போடுங்கள். டேஷ் கேமரா இருந்தால் அதன் வயரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள், அதன் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். உலோகம் கலந்த வெப்பத்தடுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் கீழேயும் வேலை சரியாக நடக்காது. முதல் முறை திறந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, செட்டைப் போட்டுச் சில நிமிடம் பொறுங்கள்.

ரிவர்ஸ் கேமரா

சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். பின் விளக்கில் ரிவர்ஸ் பல்புக்கு வரும் பிளஸ் எது என்று மீட்டர் காட்டும். கேமராவின் சிவப்பு அதற்கு, கறுப்பு பாடிக்கு. நீளமான வீடியோ கேபிளுடன் ஒட்டியே மெல்லிய சிவப்பு வயர் ஒன்று வரும். அதன் பின் முனையையும் அதே பிளஸ்ஸில் கொடுத்து, முன் முனையை செட்டின் ரிவர்ஸ் வயரில் கொடுங்கள். இதை விட்டால் படம் தானாக வராது. டிக்கி கதவின் ரப்பர் குழாய் வழியாகவே கேபிளை இழுங்கள், கதவிடுக்கில் விட்டால் நாலு மாதத்தில் அறுந்துவிடும். அங்கிருந்து கதவடி பிளாஸ்டிக் பட்டிகளுக்குக் கீழே முன்னே கொண்டுவாருங்கள். படம் இடம் வலம் மாறித் தெரிந்தால், கேமரா வயரில் வளையமாக விட்டிருக்கும் சின்ன வயர்களில் ஒன்று அதற்கானது. எது என்று கேமராவின் சீட்டில் இருக்கும்.

மைக்கை ஸ்டீயரிங் அருகே ஒட்டுங்கள். யூஎஸ்பி கேபிளை கிளவ் பாக்ஸுக்குள் விடுங்கள். ஸ்டீயரிங் பட்டன்களை செட்டிங்ஸில் ஒவ்வொன்றாக அழுத்திப் பழக்கவேண்டும், அவ்வளவுதான்.

மூடும் முன்

ஃப்ரேமை அழுத்தி மூடிவிட்டுச் சோதித்தால் கண்டிப்பாக ஏதாவது ஒன்று வேலை செய்யாது. அதனால் செட் தொங்கும்போதே மைனஸை மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாகக் கேட்கிறதா, ரிவர்ஸில் படம் வருகிறதா, லைட் போட்டால் திரை மங்குகிறதா, சாவியை எடுத்தால் செட் அணைகிறதா. பின்னால் வயர்களை டேப் சுற்றி டை போட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் மலைச்சாலைக் குலுக்கலில் கடகடவென்று கத்தும்.

கடைசியாக மேப். வீட்டு வைஃபையில் இருக்கும்போதே கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் மேப் பகுதிக்குப் போய், தேனியிலிருந்து கட்டப்பனை, குட்டிக்கானம் வரை வரும்படி கட்டத்தை இழுத்து இறக்கிக்கொள்ளுங்கள். அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். டவர் இல்லாத இடத்தில் வழியும் திருப்பமும் வரும், டிராஃபிக் நெரிசல் மட்டும் தெரியாது. சபரிமலை சீசனில் ஐயப்பமார் வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறங்கவிடும் ஒருவழிப் பாதை இருக்கும். இறக்கி வைத்த மேப்புக்கு அது தெரியாது. கூடலூர் தாண்டி நேராகப் போகச் சொல்லும், போலீஸ்காரர் திருப்பி விடுவார். அவர் சொல்கிற பக்கம் திருப்புங்கள், அம்புக்குறி தானே பின்னால் வரும்.