கோலெமும் ரோபோவும்: யூத மரபை அறிவியல் புனைகதையோடு இணைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத மரபுக்கும் அறிவியல் புனைகதைக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோலெமில், அதாவது மண்ணால் செய்து உயிரூட்டப்பட்ட மனித உருவில்தான் தொடங்குகிறார்கள்; முதல் தவறும் அங்கேயே நேர்கிறது. ப்ராக் நகரத்து ரபி (யூத மதகுரு) யூதா லோவ் களிமண்ணால் ஒரு மனிதனைச் செய்து, யூதர்கள்மீது சுமத்தப்பட்ட நரபலிப் பழியை முறியடித்தார் என்னும் கதையை 16ஆம் நூற்றாண்டின் செய்தியாகவே பலர் எடுத்தாளுகிறார்கள். அவர் இறந்தது 1609இல். அவரைக் கோலெமோடு சேர்த்துச் சொல்லும் கதை அச்சில் பரவியது 19ஆம் நூற்றாண்டில். இன்று நாம் அறிந்த காவலன் வடிவமோ, பழைய ஏட்டிலிருந்து எடுத்ததாகச் சொல்லி யூதல் ரோசன்பெர்க் 1909இல் வெளியிட்ட சொந்தக் கற்பனை. செக் எழுத்தாளர் கரெல் சாபெக்கின் ரோபோ நாடகம் 1920இல் வந்துவிட்டது என்பதை நினைத்தால், 'தொன்மையான மூலம்' எவ்வளவு இளையது என்பது விளங்கும்.

பழைய வேர் வேண்டுமெனில், யூத மதச் சட்டமும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தால்முத்துக்குச் செல்ல வேண்டும். அதில் ராவா என்னும் அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ரபி சேராவிடம் அனுப்புகிறார். சேரா பேச்சுக் கொடுத்தும் பதில் வராததால், அதை மண்ணுக்கே திரும்பச் சொல்கிறார். அவ்வளவே. பிற்காலக் கதைகளில் வருவதுபோல் நெற்றியில் உயிர் தரும் எழுத்தும் இல்லை, படைத்தவனுக்கு எதிரான கலகமும் இல்லை. ஆகவே எல்லாக் கோலெம் கதைகளையும் கலகம் செய்யும் ரோபோவின் முன்னோடியாக வாசிப்பது பொருந்தாது.

யூத மதச் சட்ட விவாதங்களை வறண்டவை என்று ஒதுக்குவது, என் பார்வையில், இதைவிடப் பெரிய இழப்பு. கோலெம் செய்ததாகச் சொல்லப்பட்ட ரபி ஒருவரின் வழிவந்த ஸ்வி அஷ்கெனாசி என்னும் ரபி, பொது வழிபாட்டுக்கு வேண்டிய பத்துப் பேரில் கோலெமையும் ஒருவராக எண்ணலாமா என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார். எண்ணத் தக்கதாக இருந்திருந்தால் சேரா அதை அழித்திருக்கமாட்டார் என்பது அவர் வாதம். செயற்கை உயிருக்கு மனிதத் தகுதி உண்டா என்று கேட்கும் கதைகளுக்கு இதுவே நெருங்கிய உறவு.

எழுத்தாளரின் பிறப்பைச் சான்றாக்குவதும் தவறு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக, ரோபோக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 1942இல் அவர் எழுதிய விதிகளில் மோசேயின் கட்டளைகளைத் தேடக் கூடாது. ஒப்புமை தெரிந்தால் ஒப்புமை என்று மட்டும் சொல்லலாம். தாக்கம் என்று சொல்ல நடிகர் லியோனார்ட் நிமாய் தந்ததுபோன்ற வாக்குமூலம் வேண்டும்: 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விரல்களைப் பிரித்துக் காட்டும் வல்கன் என்னும் வேற்றுலகினரின் வணக்கத்தை, சிறுவயதில் பாஸ்டன் தொழுகைக்கூடத்தில் கண்ட குருமார்களின் ஆசிக் கையிலிருந்து எடுத்ததாக அவரே கூறியிருக்கிறார்.