புது பிராசசரை இரண்டே சோதனையில் அளந்து பார்க்க

டெஸ்க்டாப்பில் பிராசசர் மாற்றியிருக்கிறீர்களா? என்க்ரிப்ஷன் (தகவலைப் பூட்டி மறைப்பது) வேகத்தை அளக்க வெராகிரிப்ட் என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். டூல்ஸ் மெனுவில் உள்ள பெஞ்ச்மார்க்கை ஓட்டுங்கள். சோதனை முழுக்க ராமிலேயே நடப்பதால் டிஸ்க்கின் வேகம் குறுக்கே வராது. முடிவில் வரும் என்க்ரிப்ஷன் முறைகளில் ஏஇஎஸ் வேகம் செர்பென்ட், டூஃபிஷ் இரண்டையும்விடப் பல மடங்கு இருக்க வேண்டும். கிட்டத்தட்ட சமமாக இருந்தால், ஏஇஎஸ்-என்ஐ (ஏஇஎஸ்ஸை வேகப்படுத்த பிராசசருக்குள்ளேயே இருக்கும் வசதி) வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். 2010இலேயே இன்டெல் கொண்டுவந்த வசதி அது. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸிலோ வெராகிரிப்டின் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பிலோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் வீடியோ. வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில், பிராசசரிலேயே ஓடும் எக்ஸ்264 அல்லது எக்ஸ்265 என்கோடரையே எடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். குவிக் சிங்க், என்வென்க் போன்ற என்கோடர்களை எடுத்தால் வேலை கிராபிக்ஸ் பக்கம் போய்விடும். பிராசசரின் உண்மையான பலம் தெரியாது. கிளிப்பும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னக் கிளிப் என்றால், பிராசசர் சூடேறி வேகம் குறைவதற்குள் முடிந்துவிடும், எண்ணும் பொய்யாக அழகாகத் தெரியும். பிரவுசரை மூடிவிட்டு, அதே கோப்பு, அதே பிரீசெட்டில் (தயார் அமைப்பில்) மூன்று முறை ஓட்டி, லாகில் வரும் சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை)க் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஓட்டம் முதலாவதைவிட நன்றாகவே குறைந்தால், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரையும், இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் கவனியுங்கள்.