வாக்கெடுப்பைக் கடைசியில் வையுங்கள்

மையத் தலைமை இல்லாமல் பல கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் கணக்குப் பதிவேடான பிளாக்செயினைச் சுற்றி அமைந்த பரவலாக்கப்பட்ட சமூகங்களில், மற்றவர்கள் ஒப்படைத்த டோக்கன்களுக்காக (வாக்குரிமை தரும் மின்னணு நாணயங்கள்) வாக்களிக்கும் பிரதிநிதி வேலையைச் செய்பவன் நான். எந்தச் சமூகமாக இருந்தாலும் முன்னுரிமைப் பட்டியல் என்று என்னிடம் வருவது ஏறக்குறைய ஒரே ஆவணம்தான்: பாதுகாப்பு, வளர்ச்சி, கல்வி, பரவலாக்கம். யாராலும் மறுக்க முடியாத பட்டியல் அது. அதனாலேயே அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்கவும் முடியாது. உருப்படியான பட்டியல் வேண்டுமென்றால் நான் பின்பற்றும் வரிசை இது.

இலக்குகளை எழுதும் முன்பு ஆட்களை எழுதுங்கள். மென்பொருளை எழுதுபவர்கள் யார், பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகளான வேலிடேட்டர்களை இயக்குபவர்கள் யார், சமூகத்தின் பொது நிதியான கருவூலத்தின் சாவி யார் கையில் இருக்கிறது, செயலிகளைக் கட்டுபவர்கள் யார், டோக்கன்களைப் பெருமளவில் வைத்திருப்பவர்கள் யார்? ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்களால் எதைச் செய்ய முடியும், எதைத் தடுக்க முடியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் என்றால் மேலாளர் ஆணையிட்டுவிடலாம். இங்கே பெரும்பாலானோரிடம் இருப்பது மறுக்கும் அதிகாரம் மட்டுமே. 2017 மே மாதம் 50க்கும் மேற்பட்ட பிட்காயின் நிறுவனங்கள் கூடி, பரிவர்த்தனைகளின் தொகுதியான பிளாக்கின் அளவை இரட்டிப்பாக்க ஒப்பந்தம் போட்டன. அப்போதைய சுரங்கத் திறனில் (புதிய பிளாக்குகளை உருவாக்கும் கணினித் திறன்) 80 சதவீதத்துக்கும் மேல் அந்த அணியிடம் இருந்தது. ஆனால் சொந்த நோடு (பதிவேட்டின் நகலை வைத்து விதிகளைச் சரிபார்க்கும் கணினி) வைத்திருந்த பயனர்கள் பலரும் முக்கிய மென்பொருளாளர்களும் இசையவில்லை. நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. யார் தடுக்கக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளாத முன்னுரிமை வெறும் விருப்பம்தான்.

கூட்டங்களில் குரல் உயர்த்துபவர்களின் கருத்து தேடாமலே கிடைத்துவிடும். நான் நேரம் செலவிடுவது வாய் திறக்காத வேலிடேட்டர்களிடம். "எது நடந்தால் உங்கள் இயந்திரத்தை நிறுத்திவிடுவீர்கள்?" என்று தனித்தனியாகக் கேட்பேன். தொலைநோக்கு பற்றி யாரும் பேசுவதில்லை. வன்பொருள் செலவு, அவசர அப்டேட், புரியாத ஆவணம் என்று கையில் பிடிக்கக்கூடிய பதில்கள் வரும். அவற்றில் பாதியாவது பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது பணம். கருவூலம் முழுவதும் சொந்த டோக்கனிலேயே இருந்தால், விற்க விற்க விலை இறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திசையையும் தொகையையும் ஒரே முன்மொழிவில் கட்டாதீர்கள். 2023இல் ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயினின் அறக்கட்டளை தன் முதல் முன்மொழிவில் நிர்வாக விதிகளோடு 75 கோடி டோக்கன் ஒதுக்கீட்டையும் சேர்த்து வைத்தது. முடிவு வருவதற்கு முன்பே அதில் ஒரு பகுதி பயன்படுத்தப்பட்டதும் தெரியவந்தது. எதிர்ப்பு வெடித்தபின் அதைத் தனித்தனி முன்மொழிவுகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. முதலில் திசை, பிறகு அதற்கான உச்சவரம்பு, கடைசியில் தனித்தனித் திட்டங்கள் என்று போனால் சண்டைகள் சின்னதாக இருக்கும். ஆப்டிமிசம் என்ற பிளாக்செயின் தன் பருவங்களில் (சில மாத நிர்வாகச் சுற்றுகளில்) இலக்குகளை அறிவித்து அவற்றின் கீழ் நிதி ஒதுக்கியது இந்த வழியில்தான். கார்டானோ பிளாக்செயினும் 2025இல், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று முடிவாகும் முன்பே, கருவூலத்திலிருந்து மொத்தமாக 35 கோடி அடாவுக்கு (அதன் டோக்கன்) மேல் எடுக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது.

இனி வாசகங்கள். "பாதுகாப்பை வலுப்படுத்துதல்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். எத்தீரியம் போல, டோக்கன்களைப் பிணையாக வைத்துச் சரிபார்க்கும் பங்கு வைப்பு முறையில் இயங்கும் சங்கிலியாக (பிளாக்செயின்) இருந்தால் இப்படி எழுதலாம்: "எந்த ஒரு கிளையன்ட் மென்பொருளையும் (வேலிடேட்டரை இயக்கும் மென்பொருள்) மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேலிடேட்டர்கள் நம்பியிருக்கக்கூடாது." அந்த அளவைத் தாண்டிய மென்பொருளில் பிழை வந்தால், சங்கிலியில் பிளாக்குகள் இனி மாற்ற முடியாதபடி இறுதியாவது நின்றுபோகக்கூடும். மூன்றில் இரண்டைத் தாண்டினால் தவறான சங்கிலியே இறுதியாகிவிடும். நிறைவேறியதா இல்லையா என்று அளந்து பார்க்க முடிகிற வாக்கியம் இது. வாக்கெடுப்பால் மட்டும் அதை நிறைவேற்ற முடியாது, நிறைய வேலிடேட்டர்களை இயக்குபவர்களிடம் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதும் படித்தவுடன் விளங்கிவிடும்.

மூன்று முன்னுரிமைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றுக்குக் கீழே, "இந்தப் பருவத்தில் செய்ய மாட்டோம்" என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். நான் முதலில் படிப்பது அதைத்தான். ஒருவருக்கும் வருத்தம் தராத மறுப்புகளாக இருந்தால் ஆவணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். 2025 ஏப்ரலில் எத்தீரியம் உருவாக்குநர்கள், நெடுங்காலம் உழைத்த ஈஓஎஃப் என்ற மாற்றத்தை (ஒப்பந்த நிரல்களுக்கான புதிய வடிவம்) ஃபுசாகா என்ற மென்பொருள் மேம்படுத்தலிலிருந்து நீக்கினார்கள். அதற்காக உழைத்தவர்களுக்கு அது கசப்புதான். ஆனால் தரவுக் கொள்ளளவைப் பெருக்கும் பணி அதன் பொருட்டுத் தள்ளிப்போகவில்லை. மேம்படுத்தல் டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகே வாக்கெடுப்பு. அதற்குள் முடிவு பெரும்பாலும் தெரிந்திருக்க வேண்டும். ஆச்சரியம் காத்திருந்தால் பேச வேண்டியவர்களிடம் நீங்கள் பேசவில்லை என்று பொருள். விதிகளை மட்டும் கவனமாகப் பாருங்கள். 2022 ஏப்ரலில் பீன்ஸ்டாக் என்ற கிரிப்டோ நாணயத் திட்டத்தில் ஒருவர் கணநேரக் கடனாக (ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பும் கடன்) நிதி திரட்டி, அதைக் கொண்டு வாக்குப் பெரும்பான்மை பெற்று, திட்டத்தில் இருந்த நிதியையே காலி செய்தார். கணக்கிடப்பட்ட இழப்பு சுமார் 18 கோடி டாலர். வாக்குரிமையைப் பழைய தேதியின் இருப்பைக் கொண்டு நிர்ணயிப்பதும், முடிவுக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே சில நாள் இடைவெளி விடுவதும் இதற்காகத்தான். 2024 ஜூலையில் காம்பவுண்ட் என்ற கிரிப்டோ கடன் தளத்தில், ஞாயிற்றுக்கிழமை முடிந்த வாக்கெடுப்பில், ஏறக்குறைய 4,99,000 காம்ப் டோக்கன்களை ஒரு குழுவின் பொறுப்பில் விடும் முன்மொழிவு, 6,82,191க்கு 6,33,636 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பிறகு உடன்பாட்டின் பேரில் ரத்தாயிற்று. ஆகவே வாக்களிப்பு முடியும் நாளை வார இறுதியில் வைக்காதீர்கள். இருபடி வாக்குமுறை (ஒருவர் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு வாக்குக்கும் செலவு ஏறும் முறை) என்று யாராவது யோசனை சொன்னால், ஒரே ஆள் பல வாலட்டுகளாகப் பிரிந்து வருவதை எப்படித் தடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

வாக்கெடுப்பில் நிறைவேறிய ஒவ்வொரு முன்னுரிமைக்கும் காலாவதித் தேதி போடுங்கள். ஆறு மாதம் போதும். யாரும் புதுப்பிக்காவிட்டால் அது தானாகவே விழட்டும். பணத்தைத் தவணைகளாகக் கொடுங்கள், அடுத்த தவணையை விடுவிக்கும் பொறுப்பு பணம் வாங்குபவரின் நண்பரிடம் இருக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குள் ஒருவரும் பெயர் கொடுத்துப் பொறுப்பேற்காத முன்னுரிமை எதுவானாலும், அதிக வாக்கு பெற்றதாகவே இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அதற்கான தொகையைக் கருவூலத்திலேயே விட்டுவிடுங்கள்.